எழுபது வளைவு... இருபத்துநாலு பாட்டில்!

முதல் முந்நூறு படி வரைக்கும் எண்ணிக்கொண்டே இறங்கினேன். அப்புறம் கால் நடுக்கத்தில் கணக்கு விட்டுப்போச்சு. கீழே எங்கேயோ 'ஹோ'வென்று ஆகாய கங்கை இரைகிற சத்தம். காற்றெல்லாம் சாரல். ஆனால், தொண்டைக்குள் பாலைவனம்! கையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்பில் ஒட்டியிருந்த ஒரே ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சுமார் 300 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்துக்குப் போய், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்ற அதிபுத்திசாலிக் கூட்டம் நாங்கள்தான். மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். அதாவது, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை பாஸ் பண்ணியவர்கள். சிலர் இரண்டு தடவை எழுதி!

கதை அன்று காலை சேந்தமங்கலத்தில் ஆரம்பித்தது. நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகிற வழி. வேனை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு இறங்கி ஓடிய க்ளாஸ் ரெப், இரண்டு கேஸ் தண்ணீரோடு திரும்பி வந்தான். கேஸுக்குப் பன்னிரண்டு. ஆக, 24 ஒரு லிட்டர் பாட்டில். "ஆளுக்கு ரெண்டு. மிச்சம் ரெண்டு டிரைவர் அண்ணனுக்கு. மேட்டர் ஓவர்!" என்று கை தட்டினான். நாங்களும் தட்டினோம்.

அடிவாரம் காரவள்ளியில் ஆரம்பித்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. பத்து வரைக்கும் வேனுக்குள் குத்துப் பாட்டு. இருபதில் பாட்டு நின்றது. முப்பத்தைந்தில், 'எனக்கெல்லாம் வாமிட்டே வராது' என்று பந்தா விட்ட லாஸ்ட் பெஞ்ச் நண்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். அதைப் பார்த்து அடுத்தவன். அவனைப் பார்த்து அடுத்தவன். வாய் கொப்பளித்து, முகம் கழுவியதிலேயே ஏழெட்டு பாட்டில் காலி.

நாங்கள் நாலு பொண்ணுங்க மட்டும் காலையில் இருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று பையன்களுக்குப் புரியாது. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அரை செகண்டில் சொல்வாள். டாய்லெட்! போகிற வழியில் எங்கே இருக்கும், இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியுமா, தாழ்ப்பாள் இருக்குமா... எதுவுமே தெரியாத பயணத்துக்கு நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஒரே டெக்னாலஜி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஸ்கூல் டூரில் தொற்றிக்கொண்ட பழக்கம். "தண்ணி குடிச்சியா?" என்று போனில் கேட்கிற அம்மாவுக்கும் தெரியும், நான் சொல்கிற 'ம்' பொய் என்று.

அறப்பளீஸ்வரர் கோயில் அருகே வேன் நின்றபோது மணி பன்னிரண்டு. அங்கிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள் இறங்க வேண்டும். "எவன்டா ஆளுக்கு ஒரு கிலோவைத் தூக்கிட்டு எறங்குறது?" என்றான் ஒருத்தன். நியாயமாகத்தான் பட்டது. நாலைந்து பாட்டில் தவிர மற்றதை வேனிலேயே விட்டோம். பாதிப் படியில் வியர்த்துக் கொட்டியதும் பொண்ணுங்க சபதமும் உடைந்தது. அந்த நாலைந்தும் ஐந்தே நிமிஷத்தில் காலி. அங்கே நின்றுதான் அந்தத் துளியோடு நான் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

அருவிக்குப் போனதும் பையன்கள் கேட்கவே இல்லை. அள்ளி அள்ளிக் குடித்தார்கள். "மூலிகைத் தண்ணி மச்சி! இதை அடைச்சு வித்தா லிட்டர் நூறு ரூபா!" என்று காலி பாட்டிலில் வேறு பிடித்துக்கொண்டார்கள். பொய் சொல்ல மாட்டேன்... நானும் இரண்டு கை அள்ளிக் குடித்தேன். அமிர்தம். பனிக்கட்டி மாதிரி குளிர்ச்சி, கண்ணாடி மாதிரி தெளிவு.

திரும்பி ஏறும்போது என் ரூம்மேட்டுக்குத் தலை சுற்றியது. அவள் அருவித் தண்ணீரும் குடிக்கவில்லை. 'மேல போய்க் குடிச்சுக்கலாம்' என்றே வந்திருக்கிறாள். கடைசிப் படிகளில் நாங்கள் மூன்று பேரும் அவளைத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிற ஒரு அக்கா, பெஞ்சைக் காலி பண்ணிக் கொடுத்து, சூடாக ஒரு டம்ளர் சூப்பை உப்பு கூட்டிப் போட்டு நீட்டினார். இரண்டாவது டம்ளரில் அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. அக்கா காசு வாங்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மூன்றாம் நாள், பையன்கள் ஹாஸ்டலில் இருவருக்கு வயிற்றுப்போக்கு. ஒருத்தனுக்குக் காய்ச்சலும் சேர, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். இன்டர்னல் டெஸ்ட் போச்சு. அருவித் தண்ணீரா, வழியில் சாப்பிட்ட அன்னாசியா, கழுவாத கையா? டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

டாக்டர் ஒன்று மட்டும் சொன்னார். தெளிவு வேறு, சுத்தம் வேறு. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, மாட்டு மூத்திரமும் எலி மூத்திரமும் கலந்தால் வருகிற எலிக்காய்ச்சல்... இதில் எந்தக் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொல்லிப்பாவை கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். சங்கப் பாட்டுகளிலேயே வருகிற கொல்லிமலைத் தெய்வம். அழகில் மயங்கி, அந்தச் சிரிப்பைப் பார்த்து நெருங்குகிறவனின் உயிரை வாங்கிவிடும் என்பார்கள். எங்கள் பையன்களைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தது அதுதான் போல.

டிப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கதையைப் போட்டு எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சீனியர் அண்ணாவிடம் இருந்து வாய்ஸ் மெசேஜ். சொகுசுக் கப்பல் ஒன்றில் இன்ஜின் ரூமில் வேலை. ஆயிரக்கணக்கான பயணிகளோடு நடுக்கடலில் இருந்துகொண்டு சிரிக்கிறார். "சுத்தி உப்புத் தண்ணி. நாங்க கேபின்ல குழாயைத் திறந்து குடிக்கிறோம். நீங்க ஆறு பொறக்குற மலைக்கு, கீழ இருந்து தண்ணியத் தூக்கிட்டுப் போறீங்க. அதுவும் பத்தல. நீங்கல்லாம் இன்ஜினீயராடா?"

சுருக்கென்று இருந்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியபோது நாம் எல்லோரும் நீச்சல் குளத்தையும் டான்ஸ் ஃப்ளோரையும்தான் போட்டோவில் பார்த்தோம். 'இத்தனை பேருக்குக் குடிக்கத் தண்ணி எங்கிருந்து?' என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணாவை விடாமல் நச்சரித்துக் கேட்டேன்.

கப்பலுக்கு மூன்று வழி. ஒன்று, துறைமுகத்தில் நிரப்பிக்கொள்வது. இரண்டாவது, ஆர்.ஓ. நம் வீட்டு மெஷின் மாதிரிதான். ஆனால், ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிற கடல் தண்ணீரை அந்த ஜவ்வு வழியாகத் தள்ளக் கார் டயரில் இருக்கிற காற்றைப்போல 25 மடங்கு அழுத்தம் வேண்டும். மூன்றாவதுதான் செம மேட்டர். ஓடுகிற இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் 80 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிப்பாக வெளியே வரும். அந்தச் சூட்டை வீணாக்காமல், ஒரு மூடிய தொட்டிக்குள் கடல் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். 80 டிகிரியில் எப்படிக் கொதிக்கும்? தொட்டிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். 50 டிகிரிக்குக் கீழேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். இதே தத்துவத்தில், நெருப்பே இல்லாமல், கடலின் மேல் தண்ணீருக்கும் ஆழத்துத் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை மட்டும் வைத்து 2005-ல் லட்சத்தீவின் கவரத்தித் தீவில் தினம் ஒரு லட்சம் லிட்டர் எடுக்கிற நிலையத்தை அமைத்தவர்கள், நம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரர்கள்.

"அப்புறம் நேரா குடிச்சிடலாமா?" என்றேன். "அவசரக் குடுக்கை! அவ்வளவு கம்மி சூட்டுல கொதிச்சா எல்லாக் கிருமியும் சாகும்னு நம்ப முடியாது. குளோரின் போடுவோம். சுண்ணாம்புச் சத்து சேர்ப்போம். டெஸ்ட் பண்ணுவோம். கரையை ஒட்டி ஓடுறப்ப தண்ணி எடுக்கவே மாட்டோம், அழுக்கா இருக்கும்" என்றார்.

இந்த இடத்தில் என் மண்டைக்குள் ஒரு பல்பு எரிந்தது. கூடவே பயம். மலை மேலேயும் காற்றழுத்தம் குறைவுதானே? கொல்லிமலை ஆயிரம் மீட்டரில் இருந்து 1,300 மீட்டர் வரை உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியானால் அந்த அக்கா காய்ச்சிய சூப்? நல்லவேளை, பயப்பட வேண்டியதில்லை. நோய்க்கிருமிகள் அதற்கு முன்னாடியே செத்துவிடும். தளபுள என்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். 2,000 மீட்டரைத் தாண்டின உயரத்துக்குத்தான் மூன்று நிமிஷம் சொல்கிறார்கள். இது நம் ஊட்டிக்குப் பொருந்தும். கொல்லிமலைக்கு ஒரு நிமிஷம்!

ஆக, அன்றைக்கு நாங்கள் போன இடத்தில் பாதுகாப்பான தண்ணீர் இருந்திருக்கிறது. அடுப்பின் மேலேயே இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் ரூம்மேட்டும் நாமக்கல்லில் பஸ் ஏறினோம். இந்த முறை எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எழுபதையும் தாண்டினோம். கையில் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில்.

"வாங்க கண்ணு! அன்னிக்கு மயக்கம் போட்ட புள்ளதான நீ?" அக்கா மறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தேன். "நீங்க குடிக்கிற தண்ணி எங்கருந்துக்கா?"

"குழாயில வர்றப்ப புடிச்சு வெச்சுக்குவோம். வராதப்ப ஊத்துக்குப் போயி மொண்டுட்டு வரணும். சித்திர, வைகாசியில ஊத்தும் சுண்டிப்போகும். கடைக்கு ஊத்துறதெல்லாம் காய்ச்சினதுதான்."

"அருவித் தண்ணி?"

"அதுல குளிப்போம். குடிக்க மாட்டோம்." எங்கள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையை மேலே காட்டினார். "மேல ஊரு இருக்குது, காடு இருக்குது, மாடு கன்னு இருக்குது. எல்லாத்தையும் கழுவிட்டுத்தான கீழ வருது?"

எவ்வளவு சிம்பிள்! ஐயாறு ஆகாயத்தில் இருந்து நேராக அருவிக்குக் குதிப்பதில்லை. மரவள்ளிக் காடு, வயல், வீடு, கோயில் படித்துறை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அருவி அதற்கு ஆரம்பம் இல்லை, பாதி வழி. நாங்கள் சோப்பு போட்டுக் குளித்தது, அதற்கும் கீழே புளியஞ்சோலையில் இன்னொரு காலேஜ் கும்பல் 'மூலிகைத் தண்ணி மச்சி' என்று அள்ளுகிற தண்ணீரில் போய்ச் சேர்ந்திருக்கும். (அந்த நண்பர்களுக்கு இங்கேயே ஒரு ஸாரி.)

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டாள் ரூம்மேட்.

"நீங்க கேக்கலியே கண்ணு. வர்றவங்க ஒண்ணு பாட்டிலு வாங்குவாங்க, இல்லாட்டி ஆத்துல குடிப்பாங்க. குடிக்கத் தண்ணி இருக்குதான்னு எங்களை யாரும் கேக்கறதில்ல."

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

படிக்கட்டின் ஓரச் சரிவை எட்டிப் பார்த்தேன். இலைச் சருகுக்கு நடுவே பிளாஸ்டிக் பாட்டில்கள். நசுங்கியது, நசுங்காதது, மூடி உள்ளது, இல்லாதது. இப்போது ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ராத்திரி வேனில் குப்பையைக் கூட்டியபோது எண்ணினேன். ஒன்பது காலி பாட்டில்தான் இருந்தது. ஏறியது 24. மிச்சம் பதினைந்து எங்கே என்று எங்கள் பதினோரு பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. 'நான் போடல' என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். நான் உட்பட.

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் இருந்தது. தண்ணீர் பாட்டில் இல்லை. நீலகிரியில் அதே வருஷம் ஆகஸ்ட்டில் தண்ணீர் பாட்டிலையும் தடை செய்து, பதிலுக்கு வாட்டர் ஏ.டி.எம். வைத்தார்கள். கொடைக்கானலில் 2024-ல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில் கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. தண்ணீர் விலையே 20 ரூபாய், வரியும் 20 ரூபாய்! அந்த இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலை, ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த இடம். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு நம்மை மாதிரி நாமக்கல், சேலம், திருச்சிப் பார்ட்டிகள்தான் ஒருநாள் டூர் அடிக்கிறோம்.

பாட்டிலைத் தடை செய்தால் போதுமா என்று அக்காவிடமே கேட்டேன். "ஒரு பாட்டிலு வித்தா எனக்கும் அஞ்சு ரூவா நிக்குது கண்ணு. அதையும் நிறுத்துனா?" நியாயமான கேள்வி. "காய்ச்சின தண்ணியக் காசுக்கு விக்கலாமே?" என்றேன். "தண்ணிக்குக் காசு கேட்டா சண்டைக்கு வருவாங்க. வெறகும் கேஸும் சும்மாவா வருது?"

உடனே நோட்டை எடுத்தாள் ரூம்மேட். தெர்மோடைனமிக்ஸில் கிளாஸ் டாப்பர் அவள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 96-க்குக் கொண்டுபோகச் சுமார் 320 கிலோஜூல். அடுப்பில் பாதிச் சூடு வெளியே வீணாகப் போனால்கூட 14 கிராம் கேஸ் போதும். கடைகளுக்கு விற்கிற சிலிண்டர் விலையில் கணக்குப் போட்டாலும் ஒண்ணரை ரூபாய்க்குப் பக்கம்தான். லிட்டர் ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தால், பாட்டில் விற்றுக் கிடைக்கிற லாபத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அக்கா கணக்கை மறுக்கவில்லை. "சரி, வாங்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் வாங்கினோம். ஒரு சிக்கல். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய எவர்சில்வர் பாட்டிலைக் கையில் பிடிக்க முடியாமல் ஒரு மணி நேரம் பெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்திரியே காய்ச்சிப் பானையில் ஊற்றி வைத்தால் காலையில் ஜில்லென்று இருக்கும் என்று அக்காவே ஐடியா சொன்னார். இன்ஜினீயரிங் எங்கே இருக்கிறது பாருங்கள்!

கடை இல்லாத இடத்துக்கு? மெடிக்கல் ஷாப்பில் குளோரின் மாத்திரை கிடைக்கிறது. அட்டையில் சொல்கிற அளவுத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். இந்த வடிகட்டுகிற வேலையை லேசாக நினைக்காதீர்கள். வங்கதேசத்தில் 65 கிராமங்களில் பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்து, காலராவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்ததாக ரீட்டா கோல்வெல் என்கிற விஞ்ஞானியின் குழு 2003-ல் எழுதியது. காலராக் கிருமி தண்ணீரில் இருக்கிற குட்டிக் குட்டி உயிரினங்களில் ஒட்டிக்கொண்டு வருவதால் அது பலித்தது. மற்றக் கிருமிகளுக்குப் புடவை மட்டும் போதாது. பாட்டிலை ஆறு மணி நேரம் வெயிலில் வைத்துச் சுத்தம் பண்ணுகிற முறையும் உண்டு. கொல்லிமலை மூட்டத்தில் ஆறு நிமிஷம் வெயில் வந்தாலே பெரிசு. மேகம் போட்டால் இரண்டு நாள் வைக்க வேண்டுமாம். அதற்குள் அட்டென்டன்ஸ் போய்விடும்!

பாட்டில் தண்ணீர்தான் ஆபத்பாந்தவன் என்பவர்களுக்கு ஒரு தகவல். கடையில் 'மினரல் வாட்டர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் லேபிளைப் படித்தால் பெரும்பாலும் 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' என்றுதான் இருக்கும். நிலத்தடித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ. பண்ணி அடைத்தது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று. ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகள் இருப்பதாக, 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு எண்ணிச் சொல்லியிருக்கிறது. அது உடம்பை என்ன செய்யும் என்கிற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. வயிற்றுப்போக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் பையன்கள் ஆராய்ந்துவிட்டார்கள்.

பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை. குடிக்காமல் இருப்பதும் ஒரு நோய்க்கு வழிதான். சிறுநீர்த் தொற்று வந்து அவஸ்தைப்பட்ட ஹாஸ்டல் தோழிகள் உங்களுக்கும் இருப்பார்கள். இந்த முறை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக, கடைக்கார அக்காவிடம் கேட்டது தண்ணீர் இல்லை; டாய்லெட் எங்கே என்று. வழி காட்டினார். கூச்சப்படாமல் கேட்டால் யாராவது ஒரு அக்கா நிச்சயம் காட்டுவார். அது தெரிந்த பிறகுதான் நிம்மதியாக ஒரு லிட்டரையும் குடித்து முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நண்பன் இப்போது தேறிவிட்டான். 'அக்கா கடையில எனக்கு ரெண்டு கிழங்கு வாங்கிட்டு வா' என்று மெசேஜ் போட்டான். வாங்கிக் கொடுத்தேன். பதினைந்து பாட்டில் பாக்கி இருக்கிறது என்று அவனே ஞாபகப்படுத்தினான். அடுத்த மாதம் திரும்பவும் போகிறோம். வேன் புக் பண்ணியாச்சு. இந்த முறை 20 லிட்டர் கேன் இரண்டு. ஒரு கேன் 40 ரூபாய் என்றாலும் மொத்தம் 80 ரூபாய். போன தடவை 24 பாட்டிலுக்கு 480 ஆனது. சரிவில் கிடக்கிற பாட்டில்களைப் பொறுக்க நாலு சாக்கும் எடுத்து வைத்திருக்கிறோம். கேனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கப் போகிறவன் யார் என்பதில் மட்டும் குரூப்பில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.